கூட்டாளி இல்லாதவனுக்குக் கஞ்சி இல்லை

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், புதுக் கார்களுக்கு வெள்ளைத் தாள் ஒட்டி வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்களே ஒரு மைதானம், அதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஷேர் ஆட்டோ அந்த இடத்துக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கூட வருகிறவர்கள் கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். இப்போது செக்யூரிட்டிக் கூண்டு நிற்கிற இடத்தில்தான் எங்கள் எருமைக் கொட்டகை இருந்தது.

என் வயதுக்காரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். நிதானமாகப் படியுங்கள். எனக்கும் அவசரமில்லை, உங்களுக்கும் இருக்காது.

நான் காலேஜுக்குப் போனவள். இதை மருமகளிடம் சொன்னபோது அவள் கம்பெனி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே, "இன்னா டிகிரி அத்தை?" என்றாள்.

"எரும மேய்க்கற டிகிரி" என்றேன்.

"அத உங்க புள்ளைக்கும் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவள் வாய் எனக்குப் பிடிக்கும்.

அது வேதம் படிக்கிற காலேஜ். கிறிஸ்தவப் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்து தங்கிப் படித்து ஊழியத்துக்குப் போவார்கள். ஆனால் சும்மா படிக்க முடியாது. காலையில் படிப்பு, மத்தியானத்துக்கு மேல் வேலை. ஏர் ஓட்டவேண்டும், செங்கல் அறுக்கவேண்டும், எருமை கறக்கவேண்டும், காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு மெஷினில் துண்டுத்தாள் அடிக்கவேண்டும். ஃபீஸ் கிடையாது, கூலியும் கிடையாது. சுற்று ஊர்களில் எல்லோரும் அதை வேலைக் காலேஜ் என்றுதான் சொன்னோம். அதற்கு வேறு பேர் இருந்தது, பலகையில் எழுதியிருந்தது, அதைச் சொன்னால் யாருக்கும் வழி தெரியாது.

அதை ஆரம்பித்தவரை நாங்கள் பெரிய ஐயா என்போம். முதலில் அவர் ஒரு சைக்கிளும் ஒரு துணிப்பையுமாக வந்து, காரைச்செடி மட்டுமே முளைக்கிற அந்த மேட்டில் கொட்டகை போட்டாராம். பாம்பு பிடிக்க வந்தவர் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அவரே கடப்பாரை பிடித்துக் கிணறு தோண்டி, தண்ணீர் ஊறிய அன்று ஊருக்கெல்லாம் பானகம் கரைத்துக் கொடுத்தாராம். இதெல்லாம் அம்மா சொன்னது. எனக்கு நினைவு தெரிந்தபோது ஓட்டுக்கொட்டகைகள், கொல்லையெல்லாம் நெல், நெல்லுக்கு அந்தப் பக்கம் ஏரி. அச்சு மையும் எருமை மூத்திரமும் நெல் அவிக்கிற ஆவியும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் ஒரு சின்ன பிரஸ்ஸைத் தாண்டிப் போனால் எனக்குப் பக்கத்தில் எருமை நிற்பதுபோல் இருக்கும்.

காலேஜ் மூடிப்போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு மாடிக் கட்டிடத்தில் நடக்கிறது. பிள்ளைகள் காலையில் வேதம் படித்துவிட்டு செகண்ட் ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அப்போது எருமை, இப்போது மெஷின். மெஷின் உதைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. அம்மா அங்கே சமையலுக்கும் மாட்டுக்கும் ஆளாகப் போனாள். எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போய் எருமைகளை ஏரிக்கு ஓட்டுவது என் வேலை.

அந்தக் காலேஜில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பெரிய ஐயா பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பூட்டிவிடுவார். ஒரே ஊர்க்காரர்களைச் சேர்க்கமாட்டார். ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காத ஆட்களாகப் பார்த்துச் சேர்ப்பார். அதற்கு நுகக்கூட்டாளி என்று பேர். நாங்கள் கூட்டாளி என்போம். இருவரும் ஒரே வேலை செய்யவேண்டும், பந்தியில் எதிரெதிரே உட்காரவேண்டும், நடுவில் இருவருக்கும் ஒரே சொம்புத் தண்ணீர். பொழுது சாய்கிறபோது மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அதற்கு வருத்தமணி என்று பிள்ளைகள் பேர் வைத்திருந்தார்கள். அந்த மணி அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, "என் மேல் உனக்கு வருத்தம் ஏதாவது உண்டா?" என்று கூட்டாளியைக் கேட்கவேண்டும். இருந்தால் சொல்லவேண்டும். தீர்ந்தால்தான் சாப்பாடு. சேற்றுக் காலோடு வரப்பில் நின்று இரண்டு தடிப் பிள்ளைகள், "நீ என் சோப்பை எடுத்தாய்", "நீ குறட்டை விடுகிறாய்" என்று தீர்த்துக்கொள்வதை எருமை மேல் உட்கார்ந்து பார்ப்பேன். கூத்துக்கு ராத்திரி வரை காத்திருக்கவேண்டும், இது தினமும் நடக்கும்.

இந்தச் சட்டங்களையெல்லாம் பந்திக் கொட்டகைச் சுவரில் நீல எழுத்தில் எழுதியிருந்தார்கள். கூட்டாளி இல்லாதவனுக்குக் கஞ்சி இல்லை என்பது ஒன்று. கடைசியில் இன்னொன்று இருந்தது. ஒருவன் விட்டுப் போனால் மற்றவனும் போகவேண்டும். கூட்டாளியை ஓடிப்போகிற நிலைமைக்கு யாரும் விட்டுவிடக்கூடாது என்று பெரிய ஐயா நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். யாரும் போகாதவரை அதில் தப்பு தெரியவில்லை.

ஆவணியில் ஒருவர் போனார். சாணி அள்ளும்போதெல்லாம் மூக்கில் துணி கட்டிக்கொள்கிற ஆள். படப்பைக்குப் பால் ஊற்றப் போனவர், கேனை டீக்கடையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். கேன் மட்டும் திரும்பி வந்தது.

அவருடைய கூட்டாளியாக இருந்தவர் தெக்கத்தி அண்ணன். கடலோரம் பனையேறுகிற குடும்பம். ஒல்லியாக, கைகள் மட்டும் பெரிதாக இருப்பார். எந்தப் பனையிலும் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடுவார், எருமையைக் கண்டால் மட்டும் நடுங்குவார். அன்று மத்தியானம் பந்தி போட்டார்கள். அண்ணன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றார். அவருடைய தகரப் பெட்டி ஏற்கெனவே வெளியே வந்திருந்தது. பெரிய ஐயா கொட்டகைக்கு நடுவில் தலைகுனிந்து நின்றார்.

நான் போய், ஓடிப்போனவர் உட்காருகிற காலியிடத்தில் உட்கார்ந்தேன்.

இரக்கத்தில் செய்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். எனக்குப் பசி. பந்தி முடிந்து மிச்சம் இருந்தால்தான் எனக்கு ஊற்றுவாள் அம்மா. அன்றைக்கு மோர்க் கஞ்சி, சுண்டைக்காய் வற்றல்.

அம்மா கரண்டியோடு வந்து, "ஏய், எந்திரி. அது உன் எடமா?" என்றாள்.

"காலியாத்தான கீது?"

"காலியா இருந்தா குந்திக்குவியா?"

"நீ ஊத்து."

"எதிர்ல ஆள் இல்லாத ஊத்தக் கூடாது."

நான் வாசலைப் பார்த்துக் கத்தினேன். "ண்ணா, வந்து குந்துண்ணா! நீ குந்தினாத்தான் எனுக்கு ஊத்துவாங்களாம்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரிய ஐயா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஜெபத்தில் நின்றால் சுலபத்தில் திறக்கமாட்டார். கஞ்சி ஆடை கட்டிவிட்டது. கண்ணைத் திறந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"இருவராய் என்றுதான் எழுதியிருக்கிறோம். எந்த இருவர் என்று எழுதவில்லை" என்றார். "அறுப்பு முடிந்து, நம் காலேஜை மேற்பார்க்கிற சங்கத்துப் பெரியவர் பட்டணத்திலிருந்து வருவார். அதுவரை இந்தப் பிள்ளை கூட்டாளியாக இருக்கட்டும். அதற்குமேல் அவர் சொல்கிறபடி."

அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தார். சொம்பை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் வற்றலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று எருமைக்குத் தண்ணீர் காட்டும்போதுதான் அண்ணன் சொன்னார். அவர் ஊரில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் பானையில் போட்டு வைப்பார்களாம். பிடியரிசி என்று பேர். அந்த அரிசியை விற்றுத்தான் இவரைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

"எங்கம்மை மட்டுமில்ல, கேட்டியா. தெருவுல இருக்க அத்தன பொம்பளையளும் பிள்ளையளுக்குக் கொறச்சுப் போட்டுட்டு எனக்கு வச்சிருக்காவ. பாதியில பெட்டியத் தூக்கிட்டுப் போனா எந்த மூஞ்சிய வச்சிட்டு அந்தத் தெருவுல நடக்க?"

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. நான் ஒருநாள் வராவிட்டால் இவருக்குக் கஞ்சி இல்லை. நான் போய்விட்டால் இவரும் போகவேண்டும். இவ்வளவு பெரிய ஆள் என் கையில் இருக்கிறார். தலைகால் புரியாத பெருமை எனக்கு. காய்ச்சல் வந்தபோதுகூட போர்வையைச் சுற்றிக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் வருத்தமணி அடித்ததும் அண்ணன் விளையாட்டாக, "ஏட்டி, எம்மேல வருத்தம் உண்டா?" என்றார். குழந்தைதானே, இல்லை என்று சொல்லிவிட்டு ஓடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

"உண்டு" என்றேன். "நீ என்ன 'டி' போட்டுப் பேசற. எங்கப்பாவே அப்படிக் கூப்புட மாட்டாரு."

"ஐயையே, அது எங்கூர்ல பாசமாச் சொல்லுதது."

"எங்கூர்ல ஒத வாங்கறது."

அவர் அங்கேயே காதைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பழக்கமாகி நானே விட்டுவிட்டேன். ஆனால் எனக்குத் தினமும் ஒரு வருத்தம் இருந்தது. எருமை கிட்டே வந்தால் என்னைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறார். கஞ்சியில் எனக்கு முன்னால் வற்றலை எடுக்கிறார். காலை வகுப்பில் என்னைக் கடைசியில் உட்கார வைத்துவிட்டார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். ஏதோ கிரேக்குப் பாஷை. நான் பாதி நேரம் தூங்குவேன். ஒருநாள் வருத்தமணிக்கு, "அந்தச் சுவத்துல இன்னா எழுதிக்கீதுன்னு எல்லாருக்கும் தெர்து, எனுக்கு மட்டும் தெரில. அதான் வருத்தம்" என்றேன்.

அதைத் தீர்க்காமல் சாப்பிட முடியாதே. அன்றிலிருந்து கஞ்சி ஊற்றும்வரை அண்ணன் சுவரைக் காட்டி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார். நான் அதைக் கஞ்சித் தண்ணீரில் விரலைத் தொட்டுத் தரையில் எழுதுவேன். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அந்தச் சுவரில் இருந்த எழுத்துதான். இப்போதும் சில எழுத்துக்கள் வந்தால் நான் தடுமாறுவேன். அவை அந்தச் சுவரில் இல்லை. ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தவர் கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டார். "அது வேண்டாம், சாப்பிடு" என்பார். அது எந்தச் சட்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் கேட்கவில்லை.

ஐப்பசியில் அப்பாவுக்குச் சேதி போனது. அப்பா வாலாஜாபாத் பக்கம் வண்டி ஓட்டுவார், வாரத்துக்கொரு முறை வருவார். யாரோ டீக்கடையில், உன் மகள் அங்கே எவனோடோ ஒரே சொம்பில் தண்ணி குடிக்கிறாள் என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சத்தம்.

"இன்னாமே, அவன் இன்னா ஆளு, இன்னா ஜாதின்னு கேட்டியா?"

"கேக்கல" என்றாள் அம்மா. "அவனும் நம்மள கேக்கல."

"நாளைக்கு இவள ஞானஸ்நானம் குடுத்து இட்டுகினு பூடுவானுங்க, அப்ப பாத்துக்கினு நிப்பியா?"

"எரும மேல ஏறி ஒக்காந்தா இவள எறக்க என்னாலயே முடியல. இவள எவன் இட்டுகினு போவான்?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தேடிக் காலேஜுக்கே வந்துவிட்டார். அவர் வரப்பில் வருவதைப் பார்த்ததும் அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு போனால் அண்ணன் கதை முடிந்தது. நல்லவேளை, அவர் கிட்டே வருவதற்கும் வருத்தமணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அண்ணன் என்னைக் கேட்டார், நான் இல்லை என்றேன். பக்கத்தில் ஒரு பெரிய மனுஷன் நிற்கும்போது கேட்காமல் விடுவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா பக்கம் திரும்பிக் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, எம்மேல உங்களுக்கு வருத்தம் ஏதும் உண்டா?" என்றார்.

அப்பாவை அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். திறந்த வாயை மூடினார். மறுபடியும் திறந்தார்.

"போன வாரம் உங்க எரும எங்க கொல்லையில பூந்துச்சு" என்றார்.

"எவ்வளவு தின்னுச்சு?"

"ஒரு பாத்தி."

"நாளைக்கே வந்து வேலி அடச்சித் தாரோம். வேற?"

அப்பா துண்டை இன்னொரு முறை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். போகிற வழியில் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், வலிக்கவில்லை. வந்த காரியத்தை மறந்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது தெரிகிறது, அவர் மறக்கவில்லை. அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டவனிடம் அந்தப் பேச்சை எடுக்க அவருக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் அண்ணனும் நானும் போய் வேலி அடைத்தோம். அப்பா டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வருஷ மழையைச் சொல்லாமல் விட்டால் நான் எதையுமே சொல்லாதவள். கார்த்திகையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழிந்தது. எங்கள் செங்கல் களத்தில் அறுத்து அடுக்கியிருந்த பச்சைக் கல் முழுதும் கரைந்து, வந்த மண்ணுக்கே திரும்பிவிட்டது. பிள்ளைகள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அப்போது களத்துச் சேற்றில் ஏதோ துள்ளியது. விரால்! கலங்கல் தண்ணீரோடு ஏரி மீன் முழுதும் எங்கள் கொல்லைக்கு வந்துவிட்டது. வகுப்பில் கிரேக்கு நடந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்று, "மீனு! மீனு!" என்று கத்தினேன். வாத்தியார் சாக்கட்டியைக் கீழே வைக்கவில்லை, கையோடு கொண்டுவந்து சேற்றில் விட்டார். பெரிய ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பேதுருவும் அந்திரேயாவும் இப்படித்தான் பிடித்திருப்பார்கள் என்று ஒருவர் சொல்ல, "அவர்கள் வலை வைத்திருந்தார்கள், நாம் வேட்டி வைத்திருக்கிறோம்" என்றார் பெரிய ஐயா. ஒரு கெளுத்தி அண்ணன் கையில் குத்திவிட்டது. அன்று கூட்டாளி கூட்டாளியாக மீன் பிடித்ததில் அண்ணனும் நானும்தான் அதிகம். அண்ணன் பிடித்தது ஒன்றிரண்டு, மற்றது நான். அம்மா மாங்காய் வற்றல் போட்டுக் குழம்பு வைத்தாள். வருத்தமணி அடித்தபோது யாருக்கும் யார் மேலும் ஒரு வருத்தமும் இல்லை. அப்படி ஒருநாள் அந்தக் காலேஜில் அதற்கு முன் நடந்ததில்லை என்றார்கள்.

அறுப்பு முடிந்தது. தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது, கறுப்புக் காரில் சங்கத்துப் பெரியவர் வந்தார். கோட்டு, கைத்தடி, கூடை நிறைய ஆரஞ்சு. கெட்டவர் இல்லை. முதலில் எனக்குத்தான் ஆரஞ்சு கொடுத்தார். பிறகுதான் நான் யார் என்று கேட்டார். பெரிய ஐயா மறைக்காமல் சொன்னார். பெரியவர் முகம் மாறியது.

"மகளே, உனக்கு ஆண்டவரைத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியுங்க. பெரிய ஐயா தெனம் அவர்கிட்ட பேசுவாரு."

"நீ பேசியதுண்டா?"

"எனுக்கு எருமைங்களோட பேசவே நேரம் இல்லீங்க."

சுற்றி நின்றவர்கள் இருமினார்கள். பெரியவர் பெரிய ஐயாவைப் பார்த்து, "விசுவாசியையும் அவிசுவாசியையும் ஒரு நுகத்தில் பூட்டியிருக்கிறீர். மாட்டையும் கழுதையையும் சேர்த்துப் பூட்டி உழக்கூடாது என்று வேதத்தில் இல்லையா?" என்றார்.

நான் அண்ணன் காதில், "இதுல கழுத யாரு?" என்றேன்.

"நானாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன். அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

எங்கள் அப்பா பயந்ததும் இவர் பயந்ததும் ஒரே பயம்தான். எங்கள் பிள்ளை அந்தப் பக்கம் போய்விடும் என்று அவர், அந்தப் பக்கத்து ஆள் எங்கள் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று இவர். நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தக் கூட்டு செல்லாது. சட்டப்படி பையன் மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போகவேண்டும். பெரிய ஐயா எழுதிய சட்டம், அவர் எப்படி மறுப்பார்? தகரப் பெட்டி மறுபடியும் வெளியே வந்தது.

பொழுது சாய்ந்தது, மணி அடித்தது. பந்திக் கொட்டகையில் எல்லோரும் நின்றோம். பெரியவரும் வந்திருந்தார். அண்ணன் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏட்டி, கடைசியாக் கேக்குதேன். எம்மேல வருத்தம் ஏதும் உண்டா?"

"இல்லண்ணா. உனுக்கு?"

"இல்லட்டி."

சாப்பிட வேண்டியதுதான். ஆனால் எனக்கு ஒன்று தெரியவேண்டியிருந்தது. யாரையும் மடக்கவேண்டும் என்று இல்லை, நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. பெரிய ஐயா சம்சாரத்தை இழந்தவர். தினமும் அம்மா அவருக்குக் கேரியரில் சாப்பாடு கட்டி அறைக்கு அனுப்புவாள், தனியாகச் சாப்பிடுவார். அதைத் தூக்கிக்கொண்டு போகிறவளே நான்தான்.

"பெரிய ஐயாவுக்கு யாரு கூட்டாளி?" என்று கேட்டேன்.

அம்மா கரண்டியை ஓங்கினாள். "வாய மூடு!"

"இல்லம்மா, கூட்டாளி இல்லாதவனுக்குக் கஞ்சி இல்லன்னு எழுதிக்கீது. நானே படிச்சேன்."

சங்கத்துப் பெரியவர்தான், "அவருக்குக் கர்த்தரே துணை, மகளே" என்றார்.

"அப்ப அண்ணனுக்கும் அவரே இருக்கட்டுமே. அண்ணன் எதுக்கு வூட்டுக்குப் போவணும்?"

பெரிய ஐயா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடவில்லை, ஜெபம் செய்யவில்லை. அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார்.

"ஐயா, எதிரே உட்காருங்கள்" என்றார் பெரியவரிடம்.

பெரியவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்து, கோட்டைத் தூக்கிக்கொண்டு, முனகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அம்மா ஓடிப்போய் நடுவில் ஒரு சொம்பு வைத்தாள்.

"என் மேல் உங்களுக்கு வருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார் பெரிய ஐயா.

"சேச்சே, ஒன்றும் இல்லை" என்றார் பெரியவர் அவசரமாக. கஞ்சி வந்தது. கையை வைத்தார், எடுத்துக்கொண்டார். "உண்டு" என்றார். "நான் ஒட்டு மாங்கன்று அனுப்பினேனே, வந்தது என்று ஒரு வார்த்தை எழுதினீரா?"

"எருமை தின்றுவிட்டது, ஐயா. எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்."

கொட்டகையே சிரித்தது. பெரியவருக்கும் சிரிப்பு வந்தது. அது அடங்கியதும் அவர் குரல் வேறாக இருந்தது. "உம் சம்சாரம் இறந்ததை எனக்குச் சொல்லியனுப்பவில்லை. வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வந்து நின்றிருப்பேன்."

பெரிய ஐயா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாராவது வந்து நின்றால் நான் உடைந்துபோவேன் என்று பயந்தேன்."

அதற்குமேல் பேசியது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு கிழவர்களும் தலையோடு தலை வைத்துக்கொண்டு பேசினார்கள், மூக்கைச் சிந்தினார்கள், திடீரென்று சிரித்தார்கள். அவர்கள் தீர்க்காமல் யாரும் சாப்பிட முடியாது. கஞ்சி ஆறி, பச்சைத் தண்ணீராய்ப் போய்விட்டது. எங்களுக்குப் பசி கொன்றது. கடைசியில் பெரியவர் நிமிர்ந்து, "அந்தக் கடைசி வரியை எழுதியது யார்?" என்றார்.

"நான்தான்."

"அழித்துவிடும்."

"அந்த மாடும் கழுதையும்?" என்று பெரிய ஐயா கேட்டார்.

பெரியவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "அது உழவுக்குச் சொன்னது. இவர்கள் கஞ்சிதானே குடிக்கிறார்கள்" என்றார்.

அண்ணன் எழுந்து வெளியே ஓடினார். அழப் போகிறார் என்று நினைத்தேன். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, "ஊத்துங்கம்மா" என்று தட்டை நீட்டினார்.

அவர் படித்து முடித்தார். பட்டம் வாங்கி ஊருக்குப் போய், பிடியரிசி போட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போனேன் என்று எழுதியிருந்தார். சங்கத்துப் பெரியவர் அதற்கப்புறம் அடிக்கடி வந்தார். கணக்குப் பார்க்க என்பார், பந்திக்குத்தான் வருவார். கூட்டாளி வழக்கமும் வருத்தமணியும் வெகுகாலம் இருந்தன. நான் மட்டும் அடுத்த வருஷம் போகவில்லை. தம்பி பிறந்துவிட்டான், தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். எனக்கு அதில் குறையில்லை. ஒரு பருவம் படித்தாலும் முழுதாகப் படித்தேன்.

அந்தப் பந்திக்கு மறுநாள் காலையைச் சொல்லி முடிக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலை அந்த வாரம் அண்ணனுக்கும் எனக்கும். அண்ணன் பனை மட்டையை நசுக்கி நாராக்கி எனக்கென்று ஒரு சின்ன மட்டை செய்து கொடுத்தார். வாளியில் சுண்ணாம்பு கொதித்து அடங்கியிருந்தது. வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. பெரிய ஐயாவும் பெரியவரும் வாசலில் வெந்நீர் கலந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஏணியைச் சாய்த்தார், நான் ஏறினேன். கடைசி வரி என் முகத்துக்கு நேராக இருந்தது. அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட வரி. மேல் வரிகளில் இருந்த எழுத்துக்களே அதிலும் இருந்தன, இடம்தான் மாறியிருந்தது.

மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்து எடுத்தேன். முழங்கை வழியாக ஒழுகியது.

"ம், அழிட்டி" என்றார் அண்ணன் கீழேயிருந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"இருண்ணா" என்றேன். "இன்னும் படிச்சு முடிக்கல."